உடைத்துப் பார்த்தாயா?

சுத்தியலோடு மலைமலையாகத் திரிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் யாராவது ஒரு கல்லை நீட்டி, "இது என்ன கல்லு சார்?" என்று கேட்டால் எனக்கு உடனே பதில் வருவதில்லை. கேட்டவருக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். என் விரல்கள் முதலில் அந்தக் கல்லில் புதிதாக உடைந்த முகம் எங்கே என்று தேடும்.

இந்தப் பழக்கம் பல்லாவரத்தில் தொற்றிக்கொண்டது. கல்லூரியில் நிலவியல் இரண்டாம் ஆண்டு, முதல் களப்பயணம். குன்றோரம் பழுப்பும் சாம்பலுமாகக் கிடந்த ஒரு பாறையைப் பார்த்ததும் "கிரானைட் சார்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். பேராசிரியர் மறுக்கவில்லை. "உடைச்சுப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். நாலைந்து அடிக்குப் பிறகு ஒரு சில்லு தெறித்தது. உள்ளே இருந்தது வேறு கல்! எண்ணெய் தடவியது போன்ற கருமை, அதில் லேசான பச்சை, இடையிடையே நீலம் பாய்ந்த குவார்ட்ஸ் மணிகள். வெயிலும் மழையும் பாறைக்கு ஒரு தோலைப் போர்த்திவிடுகின்றன. நான் அந்தத் தோலுக்குப் பெயர் சொல்லியிருந்தேன்.

அது சார்னோகைட். அந்தப் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1693இல் இறந்தார். கொல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும் அவருடைய கல்லறைக்கு, சென்னைப் பக்கத்துக் கருங்கல்லைப் போட்டிருந்தார்கள். தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் அதில் இருப்பதை அடையாளமாகக் காட்டி, சார்னாக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

பள்ளிப் பாடத்தில் பாறை மூன்று வகை: குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை, மணலும் சேறும் படிந்து இறுகினால் படிவுப்பாறை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேறாக மாறினால் உருமாறிய பாறை. பிரிவு சரிதான். ஆனால் கையில் இருக்கும் கல் எப்படிப் பிறந்தது என்பது கடைசியில் கிடைக்கும் விடை. களத்தில் கேள்விகள் வேறு வரிசையில் வரும். மணிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா? தெரிந்தால், ஒன்றையொன்று கவ்விப் பின்னியிருக்கின்றனவா, பசை வைத்து ஒட்டியது போல் இருக்கின்றனவா? கலைந்து கிடக்கின்றனவா, வரிசை கட்டி நிற்கின்றனவா?

இந்தக் கேள்விகளிலேயே பல பாறைகள் பிரிந்துவிடும். கிரானைட்டில் மணிகளுக்குத் திசை கிடையாது. அதே குவார்ட்ஸ், அதே ஃபெல்ட்ஸ்பார், அதே காக்காப்பொன் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டை பிடித்து ஓடினால் அது நைஸ். மணற்கல் உடையும்போது பிளவு மணிகளைச் சுற்றிப் போகும். தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அந்த மணற்கல்லே உருமாறி குவார்ட்சைட் ஆகிவிட்டால் பிளவு மணிகளை வெட்டிக்கொண்டு போகும். லென்ஸை எடுப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும்.

லென்ஸ் பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. புது மாணவர்கள் கல்லைக் கீழே வைத்து, லென்ஸைத் தூக்கிப் பிடித்துக் குனிவார்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை வெளிச்சத்தில் அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். கல்லின் உடைந்த முகத்தைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் நிறம் தெளியும்.

வெள்ளைக் கல்தான் ஆளை ஏமாற்றும். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி கிணற்று மண்ணில் கிடைத்த வெள்ளைக் கட்டி ஒன்றைக் கொடுத்து, "சுண்ணாம்புக் கல்லுங்களா?" என்று கேட்டார். அந்த வட்டாரத்தில் அது நாலு கல்லில் எதுவாகவும் இருக்கலாம். கத்தியால் கீறினேன். வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், கத்திக்கு மசியாது. 1812இல் மோஸ் வகுத்த பத்துப் படிக் கடினவரிசையில் அதற்கு ஏழாம் இடம். கத்தி ஐந்தரைக்குப் பக்கம்தான். ஃபெல்ட்ஸ்பாரும் மசியாது, ஆனால் அது தட்டையான, பளபளக்கும் முகங்களாக உடையும். குவார்ட்ஸ் உடைந்த கண்ணாடி போல வளைந்து உடையும். அவர் கொடுத்த கல்லில் கீறல் விழுந்தது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் சோடா போல நுரைத்திருக்கும். நுரைக்கவில்லை. அது மேக்னசைட். உலை வெப்பத்தைத் தாங்கும் செங்கல் செய்ய உதவுகிற கனிமம். வெள்ளைக்காரர்கள் அந்த வட்டாரத்து மேக்னசைட் குன்றுகளின் வெண்மையைப் பார்த்து அவற்றுக்குச் சாக்குக்கட்டிக் குன்றுகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே சாக்குக்கட்டி கிடையாது. நான் பல்லாவரத்தில் செய்த தவறேதான்.

கல்லை வகை பிரிப்பது நிலவியல்காரர்களான நாங்கள் மட்டுமல்ல. ஸ்தபதிகள் தட்டினால் எழும் ஓசையை வைத்து ஆண்கல், பெண்கல் என்று பிரிக்கிறார்கள். கல்லுடைப்பவர் வாட்டம் பார்த்து உளி வைப்பார். நான் நைஸில் பட்டை என்று எழுதிக்கொள்வது அவருக்குக் கல் பிளக்கும் திசை. மெருகேறும் கடினக் கல் எல்லாமே கடைக்காரருக்குக் கிரானைட். சமையல் மேடையில் கிடக்கும் கறுப்புக் கிரானைட் பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. அவரவர் வேலைக்கு அவரவர் வகை. இதில் யாரையும் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஏனென்றால் எங்கள் வகைகளும் ஆடியிருக்கின்றன. ஹாலண்ட் சார்னோகைட்டைத் தீப்பாறை என்றே கருதினார். பின்னால் வந்தவர்களில் பலர், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியது என்றார்கள். இரண்டு வழியிலும் அது பிறக்கக்கூடும் என்கிற அளவுக்கு அந்த விவாதம் நீண்டது. பெயர் நிலைத்தது, வகைதான் இடம் மாறியது. அந்த நூறு வருட வாதம் முழுக்க அது நீலக் குவார்ட்ஸும் ஹைப்பர்ஸ்தீனும் உள்ள கல்லாகவே இருந்தது. பார்த்ததை ஒழுங்காகக் குறித்து வைத்தவரின் நோட்டு எந்தக் கட்சிக்கும் பயன்பட்டது.

இதைப் பழக உங்களுக்குச் சுத்தியல்கூட வேண்டாம். தெருவில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். வாசலில் ஜல்லி கொட்டியிருக்கும். அதில் ஒவ்வொரு துண்டும் புதிதாக உடைந்த முகம்தான். சென்னை, செங்கல்பட்டுப் பக்கமென்றால் பெரும்பாலும் சார்னோகைட். ஒன்றை எடுத்து நனைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். என்ன பெயர் என்று அவசரப்படாதீர்கள். என்னென்ன தெரிகிறது என்று முதலில் எழுதிவையுங்கள்.