தனக்கு எதிரான சாட்சி

பாடலும் நடனமும் இன்றி வெளிவந்த முதல் தமிழ்ப்படம் 'அந்த நாள்'. ஏ.வி.எம். நிறுவனத்துக்காக வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் இயக்கிய இப்படம் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) தந்த தூண்டுதலில் பிறந்தது. கொலையாளி யார் என்று தேடும் கதையாகவே பலரும் இதைக் காண்கின்றனர். நமக்கோ, மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் விதத்தைக் காட்டும் கதையாகத் தோன்றுகிறது.

1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையின்மீது குண்டு வீசிய வேளையில், வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் வீட்டாரையும் அண்டை அயலாரையும் விசாரிக்கிறார். ஆளுக்கொரு கதை கூறி, ஐயத்தைப் பிறர்மீது திருப்புகின்றனர். எந்தக் கதையிலும் அதைக் கூறுபவர்மீது மட்டும் கறை இல்லை.

கொலையுண்டவனும் அத்தகையவனே. தன் திறமையை ஆதரிப்பார் இல்லையே என்னும் மனக்கசப்பில் பகைவருக்கு உளவு சொல்கிறான். அதையே நாட்டுக்குச் செய்யும் நன்மை என்றும் நம்புகிறான். பொய்யனுக்கேனும் உண்மை எதுவெனத் தெரியும். இவனுக்கு அதுவும் தெரியாமற் போயிற்று.

நினைவும் இதற்குத் துணை போகிறது. பழக்கமில்லாத கதையொன்றைப் படித்தவர்கள், அதைத் திரும்பச் சொல்லும்போது தமக்குப் பழகிய வடிவுக்குத் தம்மை அறியாமலே மாற்றிவிடுவதை, உளவியலார் பிரடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வயல்கள் தொழிற்சாலைகளாக மாறியதைக் கண்டவர்கள் நாம். நிலம் விற்ற குடும்பமொன்றின் வழக்கு நம்மிடம் வந்தது. விற்பதற்கு முதலில் இசைந்தவன் தம்பியே என்றார் அண்ணன்; அண்ணனே என்றார் தம்பி. இருவர் கண்களிலும் நீர்; இருவர் சொல்லிலும் தயக்கமில்லை. மூலையில் அமர்ந்திருந்த தாயார் மெல்லச் சொன்னார்: "ரெண்டு பேரும் வேணாம்னுதான் சொன்னாங்க, சாமி. விக்கச் சொன்னது நான்தான்." பல்லாண்டுச் சினம் அந்த ஒரு சொல்லில் தணிந்தது.

படத்திலும் முடிச்சை அவிழ்ப்பது அத்தகைய சாட்சியே. உண்மை தன்னை நெருங்கிய வேளையில், ராஜனின் மனைவி உஷா நடந்ததைக் கூறுகிறாள். மற்றவர்களின் கதைகள் அவரவரைக் காத்தன; அவளுடைய கதையோ அவளையே குற்றவாளியாக்குகிறது.

தனக்கு எதிரான சாட்சியெல்லாம் உண்மையாகிவிடாது. வீண் குற்ற உணர்வால் வாடும் உள்ளங்களையும் நாம் அறிவோம். ஆயினும், நம் நினைவில் நாம் எப்போதும் நல்லவராகவும் பிறர் எப்போதும் தவறியவராகவும் தோன்றினால், ஐயுற வேண்டியது அந்நினைவையே. இரவில் ஆன்ம சோதனை செய்கையில், பிறர் நமக்குச் செய்ததை எண்ணிப் பார்க்கும் முன், 'இக்கதையில் என் பங்கு யாது?' என்று கேட்போமாக. பிரிந்து நிற்கும் உடன்பிறப்புகள் பேசத் தொடங்க அக்கேள்வி போதும்.