துவக்கு

விசில் ஊதி ஓட்டப் போட்டியைத் தொடங்குவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஊதுகிறவரின் கன்னம் முதலில் உப்பும், சத்தம் பிறகுதான் வரும். எங்கள் பிள்ளைகள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதில்லை, சேரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதலாம் லேனில் நிற்பவனுக்குக் கன்னம் நன்றாகத் தெரியும். நான்காம் லேன்காரனுக்கு நடுவில் மூன்று தலைகள். அவன் பாவம், சத்தத்தை நம்பி ஓடித் தோற்றுப்போவான். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து ஒரு மாதமாகியும் ஸபாக்காரர்களும் மர்வாக்காரர்களும் இதைப் பேசிக்கொண்டே திரிவார்கள்.

நான் படித்த காலத்திலும் விசில்தான். சில வருடங்கள் இரண்டு பலகைத் துண்டுகளை ஒன்றோடொன்று அடித்தார்கள். அன்று கிழக்கில் ஒரு மைதானத்தில் துவக்கை உயர்த்திச் சுட்டு ஓட்டம் தொடங்கலாம் என்று எவரும் கனவிலும் நினைக்கவில்லை. 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபோது எனக்குப் பத்து வயது. வெடி கேட்டால் அது ஊர்காவல்காரரின் சொட்கன்னா, வேறொன்றா, கிட்டவா, தூரவா என்று சொல்லத் தெரிந்திருந்தது. எந்தப் பாடப் புத்தகமும் இல்லாமல் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் படித்துத் தேறிய பாடம் அது.

தொடக்கத் துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டுமென்று ஆசிரியர் கூட்டத்தில் நான் சொன்னபோது அதிபர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சேர், உங்கட பேரையும் பார்த்து, அந்தச் சாமானையும் பையில பார்த்தா என்ன நினைப்பானுகள்?” என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு சமையலறைக் கத்தியைக்கூட எண்ணிப் பார்த்து வைத்த வீடுகள் எங்களுடையவை. வாள், கத்திகளை ஒப்படைக்கச் சொல்லி அறிவித்த அந்த மே மாதம் யாருக்கும் மறந்துபோகவில்லை. அப்படியிருக்க, ரிவோல்வர் வடிவில் பளபளவென்று ஒன்றை மோட்டார் சைக்கிளில் கொண்டு வருவதா?

மூதூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவரிடம் அது இருந்தது. போய்ப் பார்த்தேன். பழைய டவலில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தார். ஆறு அறைகள் கொண்ட உருளை, கறுப்புப் பிடி, உடம்பெல்லாம் வெள்ளி நிறம். கையில் எடுத்ததும் நான் எதிர்பார்த்ததைவிடக் கனத்தது.

“சுத்தமான சில்வர் தம்பி, கறள் பிடிக்காது. பொலிஸ்காரன்ட சாமான் மாதிரி” என்றார். விலை ரூபா 18,000.

நான் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவன். ஆய்வுகூடத்துக் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு போயிருந்தேன். ஒட்டவில்லை. நாங்கள் சோறு போட்டுச் சாப்பிடும் சில்வர் கோப்பையிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது, அதில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்திருப்பதால். ஆனால் மெய்யான சில்வர் ரிவோல்வர்களை வழக்கமாகச் செய்கிற உருக்கு வேறு சாதி. அது கடினமாக்கக் கூடியது, காந்தத்தில் ஒட்டும். விசையைச் சுற்றிய வளையத்தில் முலாம் தேய்ந்த இடம் மங்கிய சாம்பலாகத் தெரிந்தது. உள்ளே நாகக் கலவை, மேலே முலாம். பெரியவரிடம் பணிவாகக் காட்டினேன். சிரித்துவிட்டார். “கலாசாலையில இதெல்லாமா படிப்பிச்சானுகள்?” என்று கேட்டு, 14,000க்குத் தந்தார். ஒரு பெட்டி வெற்றுவேட்டும் சும்மா தந்தார்.

அவர் சொன்ன அந்தப் ‘பொலிஸ்காரன்ட சாமான்’ பற்றியும் சொல்ல வேண்டும். துருப்பிடிக்காத உருக்குக்கும் துவக்குக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரேர்லி என்பவர் 1913இல் துவக்குக் குழல்கள் உட்புறம் தேய்வதைத் தடுக்க ஒரு கலவையைத் தேடினார். கிட்டத்தட்ட 13 சதவீதம் குரோமியம் சேர்த்த உருக்கு அமிலத்துக்கும் அசையாமல் கிடந்தது. ஷெபீல்ட் கத்திக்குப் பேர்போன ஊர் ஆனபடியால் அந்த உருக்கு சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போனது. துவக்குக்குத் தேடியது சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது. துருப்பிடிக்காத உருக்கில் முதல் ரிவோல்வரை அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் கம்பனி வெளியிட்டது 1965இல்தான். ‘மொடல் 60’ என்பது அதன் பெயர். இடுப்பில் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற சாதனம் வியர்வையில் கறள் பிடிப்பது பொலிஸாருக்குப் பெரிய தொல்லை. நீல நிறம் ஏற்றிய பழைய இரும்புகள் அதற்குத் தாக்குப் பிடிக்கவில்லை. திருகோணமலைக் கடற்காற்றில் சைக்கிள் செயின் படும் பாட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் வந்தது அந்தச் சாதியல்ல. ஆனாலும் அதன் உள்வேலை ரிவோல்வரின் வேலைதான். விசையை மெதுவாக இழுத்தால் குதிரை பின்னே சாயும், அதே இழுப்பில் உள்ளேயிருக்கும் சிறு நெம்பு உருளையை ஆறிலொரு பங்கு சுற்றும், சரியான இடத்தில் ஒரு பூட்டு விழும், பிறகு குதிரை பாயும். ஓர் இழுப்புக்குள் இத்தனை காரியம். வெறும் உருளையை வைத்து இதை எத்தனை தரம் இழுத்துப் பார்த்தேன் என்று மனைவிக்குத்தான் தெரியும். குழல் அடைக்கப்பட்டது, குண்டு போக வழியில்லை. புகையும் நெருப்பும் மேல் துளையால் போகும்.

வெற்றுவேட்டு என்று நாங்கள் பேச்சில் இளக்காரமாகச் சொல்கிறோம். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. 1984இல் ஜோன் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், குழல் அடைக்கப்படாத மெய்யான ரிவோல்வர் ஒன்றில் வெற்றுத் தோட்டாவைப் போட்டு விளையாட்டாகத் தன் தலையில் வைத்துச் சுட்டார். குண்டே இல்லை. வாயுவின் அடியில் மண்டையோடு நொறுங்கி இறந்துபோனார். எங்கள் மாணவத் தலைவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இந்தக் கதையைத்தான்.

வாங்கிய அன்றே வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. பற்றுச்சீட்டு, அதிபரின் கடிதம், வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதியதன் பிரதி எல்லாவற்றோடும் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வாசலில் நின்றவரிடம் பையைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பது என்னவென்று சொன்னேன். அதைச் சொல்கையில் நாக்கு உலர்ந்ததை மறைக்கவில்லை. பொறுப்பதிகாரி குழலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கையை உயர்த்திப் பிடித்தார். தான் பாடசாலையில் 800 மீற்றர் ஓடியவர் என்றார். பாடசாலை இரும்பு அலுமாரியில் பூட்டி வைப்பது, எடுக்கும் நாளும் வைக்கும் நாளும் கொப்பியில் எழுதுவது, சுடுவதற்கு முன் நிலையத்துக்கு அறிவிப்பது என்று பேசி முடிந்தது. வெளியே வந்து ஒரு தேநீர் குடித்தேன்.

விஷயம் அத்தோடு தீரவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் அறிவிக்கச் செய்தேன். சனிக்கிழமை மைதானத்தில் வெடிச்சத்தம் கேட்கும், அது பிள்ளைகளின் ஓட்டப் போட்டி, பதற வேண்டாம் என்று. பெரியவர் ஒருவர் என்னை மறித்து, “விசில் காணாதா மாஸ்டர்? இந்தச் சத்தம் போய்த் தொலையட்டும் எண்டு எத்தனை துஆ கேட்டிருப்பம்” என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உம்மா இருக்கிறார், 90களில் மகனைப் பறிகொடுத்தவர். அவரிடம் மனைவியை அனுப்பினேன். அன்று பகல் அவரைத் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை. காதில் பஞ்சு. கை நேரே மேலே. முதல் வெடி.

ஓட வேண்டிய நால்வரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மைதான ஓரத்தில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், “யானை! யானை!” என்று கத்திக்கொண்டு குதித்தார்கள். எங்கள் பக்கத்தில் இரவில் யானை இறங்கினால் விரட்டுவது யானை வெடி போட்டுத்தான். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வெடி என்றால் அது ஒன்றுதான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. வேலியருகே நின்ற தாய்மாரைப் பார்த்தேன். இரண்டு மூன்று பேர் குனிந்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளையின் தலையை ஒருத்தி தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பிள்ளை நெளிந்துகொண்டிருந்தது. அவள் பிறகு கையை எடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்வதுபோலச் செய்தாள்.

அடுத்த வெடிக்கு ஓடினார்கள். நால்வரும் ஒன்றாய்ப் புறப்பட்டார்கள்.

முடிவுக் கோட்டில் நேரம் எடுக்கும் ஆசிரியர்களுக்குப் புகையைப் பார்த்து அமத்தச் சொல்லியிருந்தேன். சத்தம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 340 மீற்றர் போகும். 100 மீற்றர் தூரத்தில் நிற்பவருக்கு அது வந்து சேர 0.29 செக்கன் ஆகும். காதை நம்பினால் பிள்ளையின் நேரம் அவ்வளவு குறைந்துபோகும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை ஓடிய நேரம் 22.28 செக்கன், அவருக்குச் சற்று முன்னே முடித்தவர் 22.27. மரியன் ஜோன்ஸின் பதக்கம் 2007இல் பறிபோன பிறகுதான் எங்கள் நாட்டுப் பெண்ணின் வெண்கலம் வெள்ளியானது. அந்த நூறிலொரு செக்கனுக்குள் சத்தம் மூன்று மீற்றரும் கொஞ்சமும்தான் போகும். எங்கள் மைதானத்தில் முதலாம் லேனுக்கும் நான்காம் லேனுக்கும் இடைப்பட்ட தூரம் அவ்வளவுதான்.

மாலையில் கழுவினேன். வெற்றுவேட்டுகளில் பொற்றாசியம் குளோரேற்று இருப்பதுண்டு. வெடித்தபின் அது உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து உலோகத்தைத் தின்னும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்புப் போகாது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும், பிறகு வெயில், அதன் பிறகே எண்ணெய். தேய்ந்த முலாமில் கொஞ்சம் கூடுதல் கவனம். கொப்பியில் எழுதினேன்: சுட்டது 31, பழுது 2, மீதி 17. வலயப் போட்டிக்கு இது காணாது. கொழும்பில் ஒரு கடையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.