இதுகள் ஏன் ஒண்டாப் போகுதில்ல?

ஆகஸ்ட் 4
மகளுக்கு நியோன் டெட்ராதான் வேணுமாம். கல்முனைக் கடையில் நீலமும் சிவப்புமாய் அது மினுங்குவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பணத்தை எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டுக் கேத்தல் நினைவுக்கு வந்தது. "நாளைக்குப் பார்ப்பம் மகள்" என்று கூட்டி வந்துவிட்டேன். வழி முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள்.

கேத்தலின் அடியில் நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைப் படை. அதுதான் எங்கள் கிணற்றுத் தண்ணியின் சாதகம். 2004 சுனாமியில் கடல் கிணற்றுக்குள் வந்தது. இறைத்து இறைத்து உப்பைக் குறைத்தோம், சுண்ணாம்பை என்ன செய்ய? நியோன் அமேசன் பக்கத்து மீன். இலை ஊறிக் கறுத்த, சுண்ணாம்பு ஏறாத மென்தண்ணி அதற்குத் தாய்வீடு. பண்ணைக் குஞ்சு கொஞ்சம் பொறுக்கும்தான். ஆனாலும் வெயில் மாதத்துக் கிணற்றுத் தண்ணியில் அதை விட எனக்கு மனமில்லை.

ஆகஸ்ட் 6
தொட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். கணக்குக்கு 70 லீட்டர். மணலும் கல்லும் போக 60 நிற்கும்.

"எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு போடுங்க, பார்வையா இரிக்கும்" என்றார் கடைக்காரர். கூட்டமாக வாழும் மீனுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஆறுக்குக் குறைந்தால் அவை ஒன்றில் நிறம் வெளிறி மூலையில் ஒதுங்கும், அல்லது அடுத்த மீனின் செட்டையைக் கடிக்கும். டைகர் பார்ப் இந்த இரண்டாவது வேலையில் விண்ணன்; கப்பியின் வாலைக் கண்டால் விடாது. ஏஞ்சல் வளர்ந்தபின் வாய்க்குள் அடங்கும் நியோனை விழுங்கிவிடும். கப்பிக்குக் கடினத் தண்ணி பிடிக்கும், ஆனால் அது ஏற்கனவே எங்கள் கிணற்றில் நுளம்புக் குடம்பி தின்றுகொண்டு கிடக்கிறது. அதற்கு எதற்குக் கண்ணாடி வீடு?

ஆகஸ்ட் 9
நம் தீவின் மீன்களைப் பற்றி வாசித்தேன். பிளாக் ரூபி பார்ப்புக்குச் சிங்களத்தில் 'புலத் ஹபயா', வெற்றிலை சப்புகிறவன். சோடி சேரும் காலத்தில் ஆணின் தலையும் முன்னுடம்பும் சிவந்துவிடும். மாமியிடம் சொன்னேன், வெற்றிலை வட்டாவை மடியில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

செரி பார்ப்புக்கு 'லே தித்தயா' என்று பெயர்; 'லே' என்றால் இரத்தம். 1929இல் விலங்கியலாளர் தெரணியகல அதை விபரித்தபோது, அந்தச் சிங்களப் பெயரையே விஞ்ஞானப் பெயருக்குள் வைத்தார்: புன்டியஸ் டிட்டேயா. தென்மேற்கு ஈரவலயத்து நிழலோடைகள்தான் அதன் ஊர். எங்கள் கரைக்கு அது வெளியூரான். பிடித்துப் பிடித்தும் காடழிந்தும் அங்கே குறைந்துவிட்டதால், பண்ணையில் பொரித்ததை மட்டுமே வாங்குவேன்.

அதுவும் மென்தண்ணி மீன்தானே என்று மச்சான் மடக்கினார். உண்மை. ஆனால் பண்ணையில் வளர்ந்தது நியோனைவிடக் கடினத்தைத் தாங்கும். கிணற்றுத் தண்ணி பாதி, குளோரின் போக ஓரிரவு வாளியில் வைத்த குழாய்த் தண்ணி பாதி என்று முடிவாயிற்று. பிளாக் ரூபி துள்ளுகிற சாதி, இளந்தளிரையும் கொறிக்கும். இரண்டடித் தொட்டிக்கு ஐந்து சென்றிமீற்றரைத் தாண்டாத செரி பார்ப்பே போதும். ஒரே இனம், ஒன்பது மீன்: ஆண் மூன்று, பெண் ஆறு. ஆண் கூடினால் பெண்களுக்கு ஓய்விருக்காது.

ஆகஸ்ட் 17
செடியும் நம் தீவுதான்: கிரிப்டோகொரைன் வென்டியை. நட்ட ஒரு கிழமையில் இலையெல்லாம் கரைந்து கூழாயிற்று. மனைவி பிடுங்கி எறியச் சொன்னாள். இடம் மாறினால் அது அப்படித்தான். வேர் இருந்தால் தளிர்க்கும். தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு அழுகவிடுகிறேன். அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா வடிகட்டியில் குடியேறும் வரை மீன் இல்லை. வெறுந்தொட்டிக்குத் தீனி போடும் வாப்பாவை மகள் விசித்திரமாகப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 12
ஒன்பதும் வந்து சேர்ந்தன. ஒரே கொத்தாக மூலையில் நின்று, ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பின. "ஸ்கூல் புள்ளையள் மாதிரி!" என்று மகள் கைதட்டினாள். எனக்கும் சந்தோசம்தான்.

செப்டம்பர் 19
வென்டியையில் நாலு தளிர். ஆண்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் மீன்கள் ஆளுக்கொரு பக்கம்: ஒன்று இலைக்கடியில், ஒன்று கல்லைக் கொத்திக்கொண்டு, இரண்டு ஆண்கள் செட்டையை விரித்துப் பெருமை காட்டிக்கொண்டு.

"இதுகள் ஏன் வாப்பா ஒண்டாப் போகுதில்ல?"

கரைவலைக்காரர் கரையில் நின்று பார்ப்பார்களே, கடலில் கறுப்பாய் ஒரு திட்டு. சூடைக் கூட்டம் அப்படி இறுகினால் கீழே பெரிய மீன் ஏதோ துரத்துகிறது என்று அர்த்தம். அன்று மூலையில் இவை காட்டிய அணிவகுப்பும் பயம்தான். இப்போது பயம் தெளிந்துவிட்டது. இதைச் சொல்லி முடிக்குமுன் எங்கள் பூனை மேசையில் ஏறிக் கண்ணாடியில் முகத்தை வைத்தது. ஒன்பதும் ஒரே கொத்தாகிச் செடிக்குப் பின்னால் போயின.

பூனையைத் தூக்கி வெளியே விட்டேன்.

"இன்னொருக்கா கூட்டி வாங்க வாப்பா" என்றாள் மகள்.