திரும்பப் போய்ச் சொல்லவில்லை

புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். எதிர்வீட்டில் எண்பதை நெருங்கிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும். 2022 செப்டம்பர் 26, திங்கட்கிழமை சாயங்காலம், இயன் புயல் கியூபாவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். குப்பைத் தொட்டியை இழுத்து வைக்க வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "நாங்கள் கிளம்ப வேண்டுமா? நீதான் எப்போதும் அந்தப் படத்தைப் பார்க்கிறாயே" என்றார். போனைத் திறந்து காட்டினேன். "டாம்பாவுக்குப் போகிறது. நாம் தெற்கே தள்ளி இருக்கிறோம். வீட்டிலேயே இருங்கள்" என்றேன்.

நான் காட்டியது முன்னறிவிப்புக் கூம்பின் நடுக்கோட்டை. அந்தக் கூம்பு புயலின் மையம் எந்த வழியாகப் போகக்கூடும் என்பதை மட்டும்தான் சொல்லும். மூன்று தடவையில் ஒரு தடவை மையம் கூம்புக்கு வெளியேயும் போகும். காற்று எவ்வளவு தூரம் பரவும், கடல் எத்தனை அடி ஏறும் என்பதெல்லாம் அதில் இருக்காது. கடல் ஏற்றத்துக்குத் தனி முன்னறிவிப்பு உண்டு. அதை நான் திறந்தே பார்க்கவில்லை.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயலும் டாம்பாவுக்கு என்று சொல்லப்பட்டுத்தான் கடைசி நேரத்தில் திரும்பி எங்கள் பக்கம் கரையேறியது. அந்தக் கதையை எனக்குச் சொன்னவரே இந்தப் பெரியவர்தான். ஆனால் சார்லி சின்னப் புயல், வேகமாகக் கடந்துவிட்டது. கூரையைப் பிய்த்ததே தவிர, கடலைப் பெரிதாக உள்ளே தள்ளவில்லை. அதைப் பார்த்தவர்களுக்குப் புயல் என்றால் காற்றுதான், தண்ணீர் கணக்கிலேயே கிடையாது. அவரும் அப்படித்தான் நினைத்தார், கேட்டுக் கேட்டு நானும்.

செவ்வாய்க்கிழமை காலை வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் தெரு வெளியேற்றத்துக்கான ஏ மண்டலம். பாஸ்போர்ட், பிள்ளைகளின் துணிமணி, அம்மாவின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் காரில் ஏற்றினேன். எதிர்வீட்டு வாசலில் அவர்கள் கார் நின்றது. திரைச்சீலை மூடியிருந்தது. இருபது அடி நடந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும், "நேற்று நான் சொன்னது தப்பு, கிளம்புங்கள்" என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது பொய். மறக்கவில்லை. தப்பு என்று சொல்ல நாக்கு வரவில்லை. வழியில் போன் செய்துகொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன். போனும் செய்யவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி வாக்கில், மணிக்கு 150 மைல் காற்றோடு, இயன் காயோ கோஸ்டா தீவில் கரையேறியது. சார்லி ஏறிய அதே தீவு. ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் கடல் 10 முதல் 15 அடி வரை ஏறி நின்றது. கலூசஹாட்சி ஆறு கடலுக்குப் போகாமல் ஊருக்குள் திரும்பியது.

சனிக்கிழமை வந்து பார்த்தேன். அவர்கள் சமையலறைச் சுவரில் சுவிட்சுக்கு ஒரு விரல்கடை கீழே பழுப்பாக ஒரு கோடு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. மனைவியைச் சமையல் மேடைமேல் உட்கார வைத்து, இவர் இடுப்பளவு தண்ணீரில் சிங்க்கைப் பிடித்தபடி ராத்திரி வரை நின்றிருக்கிறார். இருவரும் பிழைத்தார்கள். "உன்மேல் குற்றமில்லை, எல்லோரும் டாம்பா என்றுதானே சொன்னார்கள்" என்றார். நான் தலையாட்டினேன். செவ்வாய்க்கிழமை அவர் கதவைப் பார்த்துக்கொண்டே கிளம்பினதை அப்போதும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டார்கள்.

அந்தப் புயலில் கடல்நீர் மட்டும் 41 பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலும் எங்கள் லீ கவுண்டியில். அந்தக் கணக்கில் இன்னும் இரண்டு சேராமல் போனதற்கு நான் காரணமில்லை.

புளோரிடா கடலோரம் குடியிருக்கும் நம்மவர்கள் இதைப் படித்தால், ஜூன் 1-ல் புயல் பருவம் தொடங்குமுன் உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலம் என்று பார்த்துவிடுங்கள். யாரிடமாவது "இருங்கள், ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருந்தால், கிளம்புவதற்கு முன் அவர்கள் கதவைத் தட்டுங்கள்.