பிரிக்காத பெட்டி

மூன்று மாதம் அந்தப் பெட்டி கராஜ் அலமாரியில் கிடந்தது. உள்ளே ஒரு ஃபியூவல் பிரஷர் கேஜ், ஒரு சென்சார், கொஞ்சம் வயர், ஒரு சின்ன வால்வு. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்டினுக்கு வடக்கே வீடு வாங்கியபோது, மண்ணும் மரமும் ஏற்ற ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினேன். 2001 மாடல், ஆறு சிலிண்டர். எஞ்சினை ஓடவிட்டு, வீடியோ காலில் அப்பாவுக்குச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்தேன். சேலம்-தருமபுரி ரூட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தொப்பூர் கணவாய் ஏறும்போது காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். "நல்லாத்தான்டா இருக்கு" என்றார்.

ஆனால் இந்த வண்டியில் காதுக்குப் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு. லிஃப்ட் பம்ப் டேங்கிலிருந்து டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாக முன்னே தள்ளும். பத்து, பதினைந்து பி.எஸ்.ஐ. அழுத்தம்தான். அதை வாங்கி, மிகப் பெரிய அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்புவது இன்ஜெக்‌ஷன் பம்ப். அந்தப் பம்புக்கு டீசல் வெறும் எரிபொருள் இல்லை. அதன் உள்பாகங்களுக்கு வழவழப்புத் தருவதும், சூட்டைத் தணிப்பதும் அதே டீசல்தான். லிஃப்ட் பம்ப் தளர்ந்தாலும் வண்டி ஓடும், மேடும் ஏறும். உள்ளே இன்ஜெக்‌ஷன் பம்ப் காய்ந்து தேய்ந்துகொண்டிருக்கும். அது போனால் ஆயிரம் டாலருக்கு மேல் செலவு. என் டாஷ்போர்டில் இதைச் சொல்ல விளக்கும் இல்லை, முள்ளும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பெட்டியைப் பிரித்தேன். 1849-இல் யூஜின் பூர்டோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் கேஜ் ஒன்றைத்தான் முதலில் வாங்க நினைத்திருந்தேன். அழுத்தம் ஏறினால் குழாய் கொஞ்சம் நிமிரும், அந்த அசைவே முள்ளைத் திருப்பும். எளிமையான விஷயம். ஆனால் அதற்கு டீசல் லைன் கேபினுக்குள்ளேயே வரவேண்டும், கசிந்தால் மடியில் டீசல். அதனால் எலெக்ட்ரிக் கேஜ்.

அளக்க வேண்டிய இடம் ஃபில்டருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் நடுவே. ஃபில்டருக்கு முன்னால் அளந்தால், ஃபில்டர் அடைத்திருந்தாலும் முள் நல்ல செய்தியே சொல்லும். அங்கிருந்த போல்ட்டைக் கழற்றி, சென்சாருக்கு மரை போட்ட போல்ட்டைப் புதுச் செப்பு வாஷர்களோடு மாட்டினேன். சென்சாரை எஞ்சின் மேலேயே வைத்தால் அதிர்விலும் டீசலின் துடிப்பிலும் சீக்கிரம் செத்துவிடும். ஒரு கிரீஸ் கன் ஹோஸ் போட்டு அதைத் தள்ளி வைத்து, நடுவில் வால்வைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன். மரையில் டேப் சுற்றவில்லை. அதன் துணுக்கு பம்புக்குள் போனால் வேறு வினை. சாவியைத் தட்டிக் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தேன்.

நின்ற இடத்தில் ஒன்பது. பரவாயில்லை. ஹைவே ஏறும் மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இரண்டுக்கு இறங்கியது. ஐந்துக்குக் கீழே போகவே கூடாது. எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு வருஷமாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேனா?

நேரமில்லாமல் இல்லை. முள் இறங்கும் என்று எங்கோ தெரிந்துதான் பெட்டியைப் பிரிக்காமல் இருந்திருக்கிறேன். ஆபீசில் சர்வருக்கு அலர்ட் வைக்காதவர்களைத் திட்டுவது என் வேலை.

போன பொங்கலுக்கு அப்பாவுக்கு ஒரு பி.பி. மெஷின் வாங்கி அனுப்பினேன். அது பீரோ மேல் பெட்டியோடு இருப்பதாக அம்மா சொன்னார். "உடம்புக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்?" என்பார் அப்பா. ஒவ்வொரு முறையும் கத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் போன் செய்தேன். "நானும் மூணு மாசம் பிரிக்கலப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மேட்டுல எவ்ளோ காட்டுச்சு?"

"ரெண்டு."

"பம்ப்ப மாத்திடு. இழுத்துக்கிட்டே போகாத."

"மாத்திடறேன். நீங்க?"

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

லிஃப்ட் பம்ப் மாற்றியாயிற்று. இப்போது மேட்டிலும் பத்துக்குக் கீழே இறங்குவதில்லை. போன இரண்டு வருஷத்தில் இன்ஜெக்‌ஷன் பம்ப் எவ்வளவு தேய்ந்தது என்று எந்த முள்ளும் சொல்லாது. பி.பி. மெஷின் இன்னும் பீரோ மேல்தான். நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என் நம்பரை முதலில் சொல்கிறேன். பிறகு அவருடையதைக் கேட்கிறேன்.