ஓகே சார்... நன்றி சார்!

வாட்ஸ்அப் குரூப் என்றாலே பலருக்கு அலர்ஜி. காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் ஜோக், ராத்திரி நிலா. ஆபீஸ் குரூப் இன்னும் விசேஷம். மேனேஜர் 'ம்' என்று போட்டாலே 40 பேர் கும்பிடுவார்கள்! இதில் யாராவது எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும் என்கிறாள் என் தங்கச்சி. தென்பெண்ணைக் கரையில், மணலூர்பேட்டையில் இருந்துகொண்டு பி.எட். படிக்கிறாள். 2015 முதல் பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளிக்கூடங்களில் பயிற்சி. ஒன்றாகப் படித்தவர்களை ஆளுக்கொரு ஊராகப் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். வகுப்பில் தவித்தால் யாரைக் கேட்பது? அதற்குத்தான் குரூப்.

காலேஜ் குரூப்பில் பேராசிரியரும் இருந்தார். ஒரு பெண் துணிந்து, "சார், பசங்க அடங்கவே மாட்டேங்கறாங்க" என்று போட்டாள். "லெஸன் பிளான் சரியில்லைன்னு அர்த்தம்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்! அப்புறம் அங்கே வந்ததெல்லாம் இரண்டே வசனம்: "ஓகே சார்", "நன்றி சார்". இன்டர்னல் மார்க் அவர் கையில். 'எனக்கு வரலை' என்று யார் எழுதுவார்கள்?

11 பேர் தனியாக ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். அங்கே கதையே வேறு. 6-ம் வகுப்புப் பையன் ஒருவன், 1/2-ஐவிட 1/4தான் பெரிசு என்று சாதித்தான். இரண்டைவிட நாலு பெரிசாச்சே! தங்கச்சி அதை அப்படியே போட்டாள். "பேப்பரை மடிச்சுக் காட்டுடி" என்றாள் ஒருத்தி. "உங்க ஊர் ஆத்துத் திருவிழாவுல அரை கிலோ மிட்டாய் வேணுமா, கால் கிலோ வேணுமான்னு கேளு" என்றாள் இன்னொருத்தி. தை 5-ம் தேதி அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிற ஊர். மிட்டாய்க் கணக்கு பையனுக்குத் தெரியாதா? டக்கென்று பிடித்துக்கொண்டான். ஆனால், 1/3-க்குக் கடையில் எடைக்கல் இல்லையே! மறுநாள் அதையும் எழுதினாள். ராத்திரி பத்து மணி வரை விவாதம்.

கர்நாடகத்தில் 2011-லேயே அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைப் பாடவாரியாக இ-மெயிலில் இணைத்துவிட்டார்கள். ஒரு ஊர் கணக்கு வாத்தியாரின் சந்தேகத்துக்கு, முன்பின் பார்க்காத இன்னொரு ஊர் வாத்தியார் பதில் சொன்னார்.

போன் எல்லாரிடமும் இருக்கிறது, சார். 'இன்னிக்கு என் வகுப்பு ஊத்திக்கிச்சு' என்று பயமில்லாமல் எழுத ஓர் இடம்தான் இல்லை. அந்தப் பேராசிரியர் ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். "நான் எடுத்த முதல் வகுப்புல பாதிப் பேர் தூங்கிட்டாங்க" என்று ஒரு வரி போடட்டும். அந்த 11 பேரும் மறுநாளே அவர் குரூப்பில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்!