வேதாளம் உறுமக் கூடாது

வெள்ளிக்கிழமை மாலை கோலாலம்பூரிலிருந்து கிளம்பினால், நெரிசல் இல்லாத நாளில் இரண்டு மணி நேரத்தில் ஜாசின் டோல் வந்துவிடும். நெரிசல் இல்லாத வெள்ளிக்கிழமையை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் மூன்று மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் புத்தகம் 'படிப்பது' அந்த மூன்று மணி நேரத்தில்தான், காதால். அதிலும் மாயாஜாலக் கதைகள் மட்டும். டிராகனோ மந்திரக்கோலோ சாபம் பிடித்த வாளோ இல்லாத கதை என்றால் சிரம்பான் வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஆறேழு வருடமாக இப்படிக் கேட்டுக் கேட்டு, எழுதியவரை விட வாசிப்பவர்தான் எனக்கு முக்கியமாகிவிட்டார். ஹாரி பாட்டரின் ஏழு புத்தகங்களையும் பிரிட்டனுக்கு ஸ்டீபன் ஃபிரை வாசித்தார், அமெரிக்காவுக்கு ஜிம் டேல். யார் உசத்தி என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் ஃபிரை கட்சி. வீட்டுக்கு வந்த மாமா சாப்பிட்டு முடித்து, சாய்ந்து உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரி இருக்கும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நூலை வாசித்த ராய் டோட்ரிஸ், ஒரே புத்தகத்தில் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துக் கின்னஸ் சாதனை படைத்தவர். கேட்க மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு என் நினைவில் தங்கியது குரல்கள்தான், கதை இல்லை.

என்னைக் குழப்பியவர் ராப் இங்கிலிஸ். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை 1990இல் முழுதாக வாசித்துப் பதிவு செய்தவர். அந்தக் கதையில் பக்கத்துக்குப் பக்கம் பாட்டு வரும். மனிதர் ஒன்றையும் விடாமல் தானே பாடிவிடுவார். முதலில் சிரித்தேன், பிறகு தாண்டி ஓட்டினேன். மூன்றாவது வாரம் தாண்டாமல் கேட்டேன். எங்கேயோ கேட்ட சங்கதி மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அதற்கு விடை ஜாசினில், எங்கள் தாமான் வீட்டு முன்னறையில் இருந்தது.

அம்மாவுக்கு இருபது வருடமாக இனிப்பு நீர். போன வருடம் அது கண்ணில் வந்து நின்றது. பால்மரம் சீவிய காலத்தில், விடிவதற்கு முன் தலைவிளக்கு வெளிச்சத்தில் கோடு தவறாமல் உளி பிடித்த கண் அது. இப்போது நாளிதழின் தலைப்பு எழுத்தே கலங்கலாகத் தெரிகிறதாம். ஞாயிற்றுக்கிழமை இந்த மலரை வரி விடாமல் படித்தவர், இப்போது அதை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவருக்குத் தமிழ் ஒலிநூல் தேட ஆரம்பித்தேன்.

தேடிய எவருக்கும் தெரியும், எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பவர் வந்தியத்தேவன்தான். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்'. அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். அதனால் எத்தனையோ பேர் வாசித்திருக்கிறார்கள். சரித்திரக் கதைதான், ஆனால் மந்திரவாதி ரவிதாசன் ஆந்தை போல் குரல் கொடுக்கும் இடத்தை இருட்டில் கேட்டுப் பாருங்கள். டிராகன் தேவையில்லை.

பாம்பே கண்ணன் பல கலைஞர்களை வைத்து நாடகமாகவே தயாரித்த பதிப்பை முதலில் போட்டேன். வாளோசை, குதிரைக் குளம்பு, ஆளுக்கொரு குரல். எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மா அரை மணி நேரம் கேட்டார். "நல்லாதான் இருக்கு பாப்பா. ஆனா இது நாடகம். நான் கதை கேக்கணும்."

அடுத்து, 'கதை ஓசை' தீபிகா அருண் தனி ஆளாக வாசித்ததைப் போட்டேன். அம்மா காலை நீட்டிக்கொண்டார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது இருவருக்கும் தெரியவில்லை. "இந்தப் புள்ள படிக்குது. நமக்கு மறக்குற எடத்துல நின்னு படிக்குது" என்றார்.

குஷியாகிவிட்டேன். அடுத்த வாரம் விக்கிரமாதித்தன் கதைகள் கொண்டுபோனேன். யார் வாசித்தது என்று சொல்லப்போவதில்லை. வரிக்கு வரி புல்லாங்குழல். வேதாளம் பேசும்போதெல்லாம் தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு ஓர் உறுமல், போதாததற்கு எதிரொலி. ஐந்தாவது நிமிடம் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"வேதாளம் ஏன் கத்துது? பொணத்துக்குள்ள பூந்துக்கிட்டு, ராஜா தோள்ல தொங்கிக்கிட்டு, காதுகிட்டதானே பேசுது? காதுகிட்ட யாரு கத்துவா? உங்க தாத்தா வேதாளம் வந்தா கொரல எறக்கிருவாரு. அஞ்சடியில ஒக்காந்திருக்கிற அத்தன பேரும் முன்னால சாய்வாங்க."

நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்டும் எனக்கு இது தோன்றவில்லை.

தாத்தா கதை படித்தவர் என்று தெரியும். எப்படிப் படித்தார் என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் அம்மா சொன்னார். தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றுவிடும். சாப்பாடு முடிந்ததும் லயத்து அஞ்சடியில் சாக்கு விரித்து உட்காருவார்களாம். தாத்தாவிடம் இருந்தவை மெட்ராஸில் அச்சான பெரிய எழுத்துப் புத்தகங்கள்: விக்கிரமாதித்தன், மதனகாமராஜன், அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை. அந்தப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுத்துதான் பெரியதே தவிர, வாக்கியம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று வாசிப்பவர்தான் முடிவு செய்யவேண்டும். பத்து மணிக்கு விளக்கு அணையும்போது கதை எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதையும் தாத்தா முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவாராம். மறுநாள் பெரட்டில் அதே பேச்சு. தண்டல்கூட நடுவில் வந்து, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பாராம்.

விக்கிரமாதித்தனை வாசிப்பார். அல்லியைப் பாடுவார். அல்லி கதை தெரியாத இளையவர்களுக்காக: ஆண் வாடையே ஆகாத மதுரை ராணி. அவளை மணக்க அர்ச்சுனன், கண்ணன் துணையோடு செய்யாத தந்திரம் இல்லை. ஒரு கட்டத்தில் பாம்பாகவே மாறி அவள் அறைக்குள் போய்விடுவான். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குவது. நம் ஆட்களின் மாயாஜாலக் கதை இதுதான். இதில் வரும் ராணிக்கு முன்னால் மேல்நாட்டுக் கதைகளின் இளவரசிகள் நிற்கமுடியாது.

"எப்படிம்மா பாடுவாரு?" என்றேன்.

அம்மா வெட்கப்பட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒரே மெட்டு. வரியின் கடைசியில் ஓர் இழுப்பு, மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சின்ன 'ம்'. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கிழவர் காட்டு வழியில் பாடியபோது எங்கேயோ கேட்டதாகத் தோன்றியது இதுதான். நான் தொட்டிலில் கிடந்தபோது தாத்தா இதைப் பாடியிருக்கிறார்.

கைப்பேசியில் பதிவை அழுத்தினேன். பதினொரு நிமிடம் போனது. அர்ச்சுனன் பாம்பாக மாறும் இடத்துக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டார். "இங்க மெட்டு மாறும் பாப்பா. அப்பா இங்க வேற மாதிரி போவாரு..." உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பதிவில் அதற்குப் பிறகு நாற்பது விநாடிக்குக் காற்றாடிச் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது லோரியில் ஏற்றிய சாமான்களோடு அந்தப் புத்தகங்கள் வரவில்லை. வரிகள் போகவில்லை, அச்சில் கிடைக்கின்றன. ஆனால் மெட்டைக் கேட்டவர்களில் எங்கள் குடும்பத்தில் மிச்சமிருப்பது அம்மா மட்டும்தான். லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அத்தை ஒருவர் இப்போது மெர்லிமாவில் இருக்கிறார். அவரிடம் கேட்டுப் பார்த்தோம். "கதை ஞாபகம் இருக்கு, பாட்டு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

சென்னைக்குப் போன தோழியிடம் சொல்லி அல்லி அரசாணி மாலையை வரவழைத்தேன். போன சனிக்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாம்பு வரும் இடத்தை உரக்க வாசித்தேன். வரி காதில் விழுந்தால் மெட்டு தானாக வந்துவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கு அந்த எழுத்து நடை பிடிபடவில்லை. இரண்டு சொல்லை ஒன்றாக்கினேன், ஒன்றை இரண்டாக்கினேன். அலுவலகக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கிற வேகம் வேறு.

மெட்டு வரவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அரைப் பக்கம் போனதும் என் முழங்காலில் தட்டினார்.

"மெதுவா. அல்லி தூங்குறா. திரும்ப மேல இருந்து படி."